இரு நோய்க்கு ஒரு மருந்து

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையைச் சுற்றி அரைமணி நேர நடைக்குள் மருத்துவ வரலாற்றில் பெயர் பெற்ற மூன்று இடங்கள் உள்ளன. தேக்காவுக்கு அருகில் இருப்பது கண்டாங் கெர்பாவ் மகப்பேறு மருத்துவமனை. மலாய் மொழியில் இப்பெயர் எருமைப் பட்டி என்று பொருள்படும். கால்நடை வாணிகம் இவ்வட்டாரத்தில் செழித்திருந்த காலத்தின் நினைவு அப்பெயரில் தங்கிவிட்டது. ஜாலான் புசார் பக்கம் இருப்பது கெலந்தான் சந்து. பால்வினை நோய்களுக்கான அரசாங்க மருந்தகம் பல ஆண்டுகள் அங்கேதான் இயங்கியது. வடக்கே மோல்மின் சாலையில் இருந்தது மிடில்டன் மருத்துவமனை. தொற்றுநோயாளரைத் தனித்து வைப்பதற்கென 1913-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அது, 1985-இல் தொற்றுநோய் நிலையம் என்னும் பெயர் பெற்றது.

முதல் இடத்தின் வரலாறு ‘பி’ வகைக் கல்லீரல் அழற்சியோடும், மற்ற இரண்டின் வரலாறு எச்.ஐ.வி. நோயோடும் பிணைந்தவை. இவ்விரு நோய்களையும் மக்கள் வெவ்வேறாகவே எண்ணி வந்தனர். ஒன்றை வாய்விட்டுச் சொல்வர். மற்றொன்றைக் காதோடு காதாகவும் சொல்ல அஞ்சுவர். ஆயின் இன்று இந்நோயாளர் இருவரும் மருந்தகத்தில் வாங்கிச் செல்லும் மாத்திரை பலவேளைகளில் ஒன்றே. இது நேர்ந்த வரலாறு அறியத்தக்கது. மாத்திரை ஒன்றாயினும் மருத்துவம் ஒன்றன்று என்பது அதனினும் அறியத்தக்கது.

காமாலை தமிழர் நெடுங்காலமாக அறிந்த நோய். ஆனால் காமாலை என்பது ஓர் அறிகுறியே. அதனை உண்டாக்கும் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றான ‘பி’ நச்சுயிரியின் தடயத்தை அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரது குருதியில் அது காணப்பட்டமையால் ‘ஆஸ்திரேலிய எதிரியாக்கி’ என முதலில் பெயரிட்டனர். கல்லீரல் நோயைத் தேடி அவர் புறப்படவில்லை. மக்கள் இனங்களுக்கிடையே குருதியில் உள்ள வேறுபாடுகளையே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிங்கப்பூரில் 1975-ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் இந்நச்சுயிரியைத் தாங்கியிருந்தனர். அவர்களில் பலர்க்கு அது பிறப்பின்போதே தாயிடமிருந்து வந்தது. வயது வந்தபின் தொற்றினால் பெரும்பாலோர் உடல் தானே அதனை விரட்டிவிடும். பச்சிளங் குழந்தைக்குத் தொற்றினாலோ பத்தில் ஒன்பது பேர்க்கு அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். முப்பது நாற்பது ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, பின்னர்க் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும்.

ஆகவே காக்கவேண்டிய நாள் பிறந்த நாள் என்பது தெளிவாயிற்று. கல்லீரல் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்ட பேராசிரியர் ஊன் சோங் ஜின் போன்றோர் இதனை வலியுறுத்தினர். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், தொற்றும் ஆற்றல் மிக்க தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவர்க்கும் அது விரிந்தது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனை கண்ட கண்டாங் கெர்பாவில் இத்தகைய திட்டம் எவ்வளவு பெரிய பணி என்பதை எண்ணிப் பார்க்கலாம். முதலில் வந்த ஊசிமருந்து, நச்சுயிரியைத் தாங்கியோரின் குருதி நீரிலிருந்தே எடுக்கப்பட்டது. பின்னர் ஈஸ்ட்டைக் கொண்டு ஆக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டளவில், வயது வந்தோரில் நச்சுயிரியைத் தாங்கியோர் நூற்றுக்கு நால்வர்க்கும் குறைவாயினர்.

இந்த ஊசிக்கு ஓர் எல்லை உண்டு. முன்பே நச்சுயிரி குடிபுகுந்த உடலில் அது எதுவும் செய்யாது. 1987-க்கு முன் பிறந்தோர்க்கு மருந்தே வேண்டியிருந்தது. மருந்தோ அப்போது இல்லை.

மருந்து தேடிய அக்காலத்தில் சென்னையின் பக்கம் உலகின் பார்வை ஒருமுறை திரும்பியது. கீழாநெல்லி காமாலைக்கு மருந்து என்பது தமிழ்நாட்டில் பாட்டிமார் அறிந்த செய்தி. இலையின் கீழே காய் வரிசையாகத் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி என்றாகி, பேச்சில் கீழாநெல்லி என நின்ற பெயர் இது. சிங்கப்பூரிலும் புல்தரை ஓரங்களில் இதன் இனத்தைச் சேர்ந்த செடிகள் களையாக முளைப்பதைக் காணலாம். எஸ்.பி. தியாகராஜன் முதலிய சென்னை ஆய்வாளர் 1988-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து நச்சுயிரியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவர்க்கே மறைந்தது. பிளம்பர்க்கும் இவ்வாய்வில் ஆர்வம் காட்டி, அதற்கு முந்திய ஆண்டில் செடியின் சாற்றைக் குறித்து எழுதியிருந்தார்.

தமிழர் உள்ளம் மகிழ்ந்த செய்தி அது. ஆனால் தாய்லாந்திலும் பிற நாடுகளிலும் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அம்முடிவு கிட்டவில்லை. கீழாநெல்லி இன்று ‘பி’ நச்சுயிரிக்குரிய மருந்தாக மருத்துவ நெறியில் ஏற்கப்படவில்லை. நம் மண்ணின் மூலிகை என்பதற்காக இதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆய்வில் வைத்துப் பார்த்ததே தவறு என்பதும் பொருந்தாது. பார்த்ததனாலேயே அதன் அளவு தெரிந்தது.

இனி எச்.ஐ.வி.யின் பக்கம். சிங்கப்பூரில் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டது 1985-ஆம் ஆண்டில். குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை ஊசி தொடங்கிய அதே ஆண்டு. அடுத்த ஆண்டில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தனர். இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை, இன்றளவும் இல்லை. 1987-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க அரசு ஏ.இசட்.டி. என்னும் மருந்துக்கு இசைவளித்தது. அது புதிதாகக் கண்டதன்று. 1964-ஆம் ஆண்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் புற்றுநோய்க்கெனச் செய்து, பயன்படாமையால் ஒதுக்கி வைத்தது.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஏடு எழுதும் தொழிலைக் கொண்டு விளக்கலாம். உயிரணுவின் உள்ளே மூல ஏடு டி.என்.ஏ.; அதைப் பார்த்து எழுதிய படி ஆர்.என்.ஏ. மூலத்திலிருந்து படி எழுதுவதே இயல்பு. எச்.ஐ.வி. இதைத் தலைகீழாக்குகிறது. அது படியை மட்டும் கையில் கொண்டு வந்து, அதிலிருந்து ஒரு மூலத்தை எழுதி, நம் மூல ஏட்டுக் கட்டுக்குள்ளேயே அதைச் செருகிவிடுகிறது. இவ்வாறு பின்னோக்கி எழுதும் நொதி ஒன்று உண்டென்பதை 1970-ஆம் ஆண்டில் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே காட்டினர். ஏ.இசட்.டி. போன்றவை பார்வைக்கு மெய்யெழுத்துப் போலவே தோன்றும் போலி எழுத்துகள். எழுதும் நொதி ஏமாந்து அதைச் சேர்த்துவிட்டால், அதன்பின் அடுத்த எழுத்து ஒட்டாது. ஏடு பாதியில் நின்றுவிடும்.

‘பி’ நச்சுயிரி இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது டி.என்.ஏ.யையே கொண்டு வருவது. ஆயினும் அது பெருகும் வழியில் ஒரு வளைவு இருப்பதை ஜெஸ்ஸி சம்மர்சும் வில்லியம் மேசனும் 1982-ஆம் ஆண்டில் வாத்துகளின் கல்லீரலில் கண்டனர். மூலத்திலிருந்து நேரே மூலம் எழுதாமல், முதலில் ஆர்.என்.ஏ. படி எழுதி, அப்படியிலிருந்து பின்னோக்கி மூலம் எழுதுகிறது அது. அப்படியானால் அதே போலி எழுத்து இங்கும் ஏமாற்றும் அன்றோ? இரு நோய்க்கு ஒரு மருந்து வந்த வழி இதுவே.

அம்மருந்துகளுள் முதலில் பெயர் பெற்றது லாமிவுடின். 1995-ஆம் ஆண்டு நவம்பரில் எச்.ஐ.வி.க்கும், 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘பி’ கல்லீரல் அழற்சிக்கும் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அளவு மட்டும் வேறு. எச்.ஐ.வி.க்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். கல்லீரலுக்கு 100 மில்லிகிராமே போதுமானது. எச்.ஐ.வி. மிக விரைந்து பெருகுவது. எழுதும்போது பிழை மலிந்து, பிழையினாலேயே தப்புவது. தனி லாமிவுடினைத் தந்தால் சில வாரங்களில் அதற்கு அடங்காத எச்.ஐ.வி. தலைதூக்கும். இதனால் 1996-ஆம் ஆண்டு முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருவது வழக்கமாயிற்று. மூன்றிலிருந்தும் ஒரே வேளையில் தப்புவதற்குரிய பிழைகள் ஒருங்கே நேர்வது அரிது. எய்ட்ஸ் என்றாலே சாவு என்றிருந்த நிலை மாறியது அந்த ஆண்டிலிருந்துதான்.

கல்லீரல் நோய்க்கோ ஒரே மருந்தைத் தந்தனர். ‘பி’ நச்சுயிரி தப்புவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று தமிழாசிரியர்க்குச் சுவை தரும். இந்நச்சுயிரியின் ஏடு மிகச் சிறியது. ஏறத்தாழ 3,200 எழுத்துகளே. இடம் போதாமையால் ஒரே எழுத்துத் தொடரை இருவகையாகப் பிரித்துப் படித்து இருவேறு பொருள்களை அது ஆக்கிக்கொள்கிறது. பிரிமொழிச் சிலேடை என நம் அணியிலக்கணம் கூறுவது இதனையே ஒக்கும். சிலேடைப் பாட்டில் ஓரெழுத்தை மாற்றினால் ஒரு பொருள் மட்டுமன்று, மற்றொன்றும் கெடும். அதுபோல நொதிக்குரிய எழுத்து மாறினால் மேலுறைக்குரிய சொல்லும் மாறிவிடும். விருப்பம்போல் பிழை செய்ய அதற்கு இயலாது.

இயலாது என்றாலும், ஐந்தாண்டுகள் தனி லாமிவுடின் உண்டோரில் நூற்றுக்கு எழுபது பேரளவில் மருந்தெதிர்ப்புத் தோன்றியது. வியப்பு என்னவெனில், இரு நச்சுயிரிகளும் தப்பிய இடம் ஒன்றே. நொதியின் நடுவிடத்தில் இரண்டுக்கும் பொதுவான நான்கெழுத்துத் தொடர் ஒன்று உண்டு. அதில் உள்ள மெத்தியோனின் என்னும் உறுப்பு, வேலின் என்னும் வேறோர் உறுப்பாக மாறிவிடுகிறது. தொடர்பற்ற இரு கள்வர் ஒரே சன்னலின் வழியே ஓடியதைப் போன்றது இது.

இதன்பின் வந்த மருந்துகளின் கதை இரு நோய்களுக்கும் இடையே முன்னும் பின்னுமாக அலைந்தது. செக் நாட்டு அறிஞர் ஆண்டோனின் ஹோலியும் பெல்ஜிய அறிஞர் எரிக் டி கிளெர்க்கும் கூடி ஒருவகைச் சேர்மங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் அடிபோவிர் எச்.ஐ.வி.க்கென 60, 120 மில்லிகிராம் அளவுகளில் சோதிக்கப்பட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்தமையால் 1999-இல் கைவிடப்பட்டது. அதே அடிபோவிர் 10 மில்லிகிராம் அளவில் 2002-ஆம் ஆண்டில் கல்லீரல் நோய்க்கு மருந்தாயிற்று. ஒரு நோயின் தோல்வி மற்றொரு நோய்க்குக் கைகொடுத்தது. அதனினும் வலிய உடன்பிறப்பு டெனோபோவிர், 2001-இல் எச்.ஐ.வி.க்கும் 2008-இல் ‘பி’ கல்லீரல் அழற்சிக்கும் இசைவு பெற்றது. இதற்கு இரு நோயிலும் 300 மில்லிகிராமே அளவு. ஆய்வுகளில் எட்டாண்டுகள் உண்டோரிடமும் ‘பி’ நச்சுயிரி இதற்கு எதிர்ப்புக் காட்டவில்லை. கல்லீரல் நோயாளர்க்கு இந்த ஒரு மாத்திரையே போதுமாயிருப்பது இதனால்தான்.

என்டெகாவிர் வேறொரு பாடம் கற்பித்தது. 2005-ஆம் ஆண்டில் கல்லீரல் நோய்க்கென வந்த அது எச்.ஐ.வி.யைத் தொடாது என்றே எண்ணினர். ஆகவே இரு தொற்றும் உள்ளோர்க்கும் தனியே தந்தனர். 2007-ஆம் ஆண்டில் மூன்று நோயாளரிடம் அது எச்.ஐ.வி.யின் அளவைக் குறைத்தது தெரிந்தது. குறைத்தது நன்மையன்றோ எனலாம். அன்று, தொடும் மருந்து தனியே நின்றால் எதிர்ப்பை வளர்க்கும். அவருள் ஒருவரிடம் அதே மெத்தியோனின் மாற்றம் தோன்றிவிட்டது. அன்று முதல், கல்லீரலுக்கு மருந்து தொடங்குமுன் எச்.ஐ.வி. உண்டா என்று பார்ப்பது விதியாயிற்று.

மருந்து உண்டாவது வேறு. அது நோயாளர் கைக்கு எட்டுவது வேறு. சிங்கப்பூரில் 1990-களின் இறுதியில் மும்மருந்து கிடைத்தது, விலைதான் எட்டவில்லை. பேடி சியூ என்பவர் 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் தமக்கு எச்.ஐ.வி. உண்டெனப் பொதுமேடையில் அறிவித்தார். இந்நாட்டில் அவ்வாறு அறிவித்த முதல்வர் அவரே. அடுத்த ஆண்டில் ஹரேஷ் சர்மா எழுத்தில் உருவான நாடகத்தில் தம் கதையைத் தாமே நடித்துக் காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். கல்லீரல் நோயாளர் எவரும் தம் நோயைச் சொல்ல மேடையேற வேண்டியிருந்ததில்லை.

மேலைநாடுகளில் மும்மருந்துக்கு ஓராண்டுச் செலவு 10,000 முதல் 15,000 அமெரிக்க வெள்ளி வரை இருந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது, அதே மருந்தை ஆண்டுக்கு 350 வெள்ளிக்குத் தருவதாக ‘எல்லைகளற்ற மருத்துவர்’ அமைப்புக்கு அறிவித்தார். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கே உரிமை தந்தமையால் இது இயன்றது. தாய்லாந்து அரசும் 2002-இல் மூன்றும் சேர்ந்த மாத்திரையைத் தானே செய்தது. சிங்கப்பூர் நோயாளர் சிலர் விலைமலிந்த மருந்துக்காகப் பாங்காக் நகருக்குச் சென்று வந்தது அக்கால நிலை. பின்னர் மெடிசேவ் சேமிப்பிலிருந்து மாதம் 550 வெள்ளி வரை எடுக்க வழி பிறந்தது. 2010-இல் மருந்து உதவி நிதி தேவையுடைய எச்.ஐ.வி. நோயாளர்க்கும் விரிந்தது. 2020-ஆம் ஆண்டில்தான் எச்.ஐ.வி. மருந்துகள் பல பொது மானியப் பட்டியலில் ஏறின. முதல் நோயாளர் கண்டறியப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டில் வரிசை தலைகீழாக இருந்தது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்திய அரசு எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதல் எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. கல்லீரல் அழற்சிக்கு இலவச மருந்துத் திட்டம் வந்ததோ 2018-ஆம் ஆண்டு ஜூலையில். ‘பி’ தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கு விரிந்தது 2011-ஆம் ஆண்டளவில். சிங்கப்பூருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி. எய்ட்ஸ் நோய்க்கு உலகெங்கும் நிதி திரண்டது. கல்லீரல் நோய்க்கு அவ்வாறு திரளவில்லை. இரண்டுக்கும் ஒரே டெனோபோவிர் உதவும் என்று தெரிந்திருந்த ஆண்டுகளிலேயே இந்த ஏற்றத்தாழ்வு நின்றது.

லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடும் தமிழ்த் தொழிலாளர் இவ்விரு நாட்டு முறைகளுக்கும் இடையில் நிற்போர். வேலை அனுமதிக்கான உடற்சோதனையில் எச்.ஐ.வி.யும் ஒன்று, தொற்று இருந்தால் அனுமதி இல்லை, ஊர் திரும்பவேண்டும். மருந்து உண்ணும் ஒருவர் குருதியில் எச்.ஐ.வி. காண இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பிறர்க்குப் பரவுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. அனுமதி விதியோ இந்த மருந்துகள் வருமுன் இருந்த அச்சத்தின் சாயலையே இன்னும் கொண்டுள்ளது.

இரு தொற்றும் ஒருவர்க்கே இருக்குமாயின் மருத்துவர் பின்பற்றும் நெறி இப்போது தெளிவானது. டெனோபோவிர், அதனுடன் லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபின், எச்.ஐ.வி.யை மட்டும் தாக்கும் மூன்றாம் மருந்து ஒன்று. முதல் இரண்டும் இரு நோய்க்கும் பொது. இவ்விரண்டையும் நிறுத்துவதில்தான் ஆபத்து. கல்லீரல் அணுக்களின் கருவில் ‘பி’ நச்சுயிரி ஒரு வட்ட ஏட்டை ஒளித்து வைத்திருக்கிறது. இம்மருந்துகள் அதனை அழிப்பதில்லை, எழுத்தை நிறுத்தி மட்டும் வைக்கின்றன. மருந்து நின்றதும் எழுத்து மீண்டும் தொடங்கும். சிலர்க்குக் கல்லீரல் சில வாரங்களிலேயே கடுமையாக வீங்கி உயிருக்கே இடர் வரும்.

2019-ஆம் ஆண்டு முதல் டோலுடெக்ராவிர், லாமிவுடின் என்னும் இரு மருந்துகள் மட்டும் சேர்ந்த மாத்திரை எச்.ஐ.வி.க்குக் கிடைக்கிறது. அதன்பின் இரு மாதத்திற்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிகளும் வந்தன. நாள்தோறும் மாத்திரை விழுங்குவதிலிருந்து விடுதலை தரும் இவ்வூசி, ‘பி’ நச்சுயிரியைத் தொடுவதேயில்லை. இருமருந்து மாத்திரையில் உள்ள லாமிவுடினோ ‘பி’ நச்சுயிரிக்குத் தனி மருந்தாகவே நிற்கும். நூற்றுக்கு எழுபது பேரிடம் தோற்ற பழைய மருத்துவம் அதுதான். எச்.ஐ.வி. தொற்றாதிருக்க முன்கூட்டியே டெனோபோவிர் கலந்த மாத்திரை உண்போர்க்கும், கல்லீரலில் ‘பி’ நச்சுயிரி இருப்பது தெரியாமல் நடுவில் நிறுத்தினால் அதே இடர் உண்டு. ஆதலால் இவற்றில் எதனையும் தொடங்குமுன் முதலில் எடுக்கப்படும் குருதிச் சோதனைகளுள், 1965-இல் பிளம்பர்க் கண்ட அந்த ஆஸ்திரேலிய எதிரியாக்கி உண்டா இல்லையா என்பதும் ஒன்று. மோல்மின் சாலை நிலையத்தின் பணியை ஏற்றுக்கொண்டு 2019-ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் நிலையம் நிற்பதும் அதே வட்டாரத்தில்தான்.